ஆல்பத்துக்கு முன்னால் மேடை

இப்போது நம் கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகள் "இண்டி மியூசிக்" என்ற சொல்லை அடிக்கடி சொல்கிறார்கள். சினிமாவைச் சாராமல், பெரிய கம்பெனியை நம்பாமல், தன் பாட்டைத் தானே எழுதி, தானே மெட்டுக் கட்டி, தானே மேடையேறிப் பாடுவது என்று விளக்கமும் தருகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அது ஏதோ சென்னையிலும் பெங்களூரிலும் பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் புதிதாக முளைத்த சங்கதி மாதிரி பேசும்போதுதான் எனக்கு வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அட, அது நம்ம மலையடிவாரத்துச் சரக்குப்பா!

வரலாற்றுத் துறைப் பேராசிரியர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நான் வணிகவியல் படித்தவன். ஆனாலும் நாற்பது வருடமாகப் பாட்டுக் கேட்கிறவன், கச்சேரிக்கு நடையாய் நடந்தவன் என்ற ஒரே தகுதியில் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். நான் சொல்ல வருவது இதுதான்: நம் பக்கத்துத் தனி இசை, ஆல்பமாகப் பிறக்கவில்லை, மேடையில் பிறந்தது. ஆல்பம் ஆனது நிலைத்தது, மேடையோடு நின்றது காற்றோடு போய்க்கொண்டிருக்கிறது. அதைப் பிடித்து வைக்க இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறது.

சுவரா, கதவா?

போடியில் நின்று மேற்கே பார்த்தால் மலை ஒரு சுவர் மாதிரி நிற்கும். வெளியூர்க்காரருக்குத்தான் அது சுவர். நமக்கு அது கதவு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மூணாறுத் தேயிலை, குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து கயிற்றுப் பாதையில் கொட்டகுடிக்கு இறங்கி, பிறகு போடிக்கு வந்து சேர்ந்தது. 1924 வெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. ரயில் போனாலும் போக்குவரத்து நிற்கவில்லை. இன்றைக்கும் விடியற்காலையில் எழுந்து பாருங்கள். போடி, தேவாரம், கோம்பை, கம்பம் என்று எல்லா ஊரிலிருந்தும் ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஏலத்தோட்டங்களுக்கு மலையேறுகின்றன. காலையில் போய்ச் சாயந்திரம் திரும்புகிறவர்கள் பாதிப்பேர். அங்கேயே லயத்து வீட்டில் தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்டவர்கள் மீதிப்பேர்.

ஆள் போனால் பாட்டும் கூடவே போகும். தாலாட்டும் தெம்மாங்கும் ஒப்பாரியும் எந்தச் சோதனைச்சாவடியிலும் நிற்காமல் போடிமெட்டைத் தாண்டின. மேலே பூப்பாறையிலும் சாந்தன்பாறையிலும் தேவிகுளத்திலும் கேட்ட பாட்டும், கீழே சிலமலையிலும் தேவாரத்திலும் கேட்ட பாட்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான்.

1956ல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. அந்தக் கிளர்ச்சியும் வருத்தமும் தனிக்கதை. அதை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நமக்கு வேண்டியது அதில் ஒரு சின்ன விளைவு. தோட்டத்தில் வேலை செய்கிறவர் பெரும்பாலும் தமிழர், அவர்கள் ஓட்டுப் போட வேண்டியதோ திருவனந்தபுரத்துச் சட்டசபைக்கு. ஆக, மலையாளத்தில் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் லயத்துக்குள் அது ஏறாது. தமிழில் பேச வேண்டும். அதைவிடத் தமிழில் பாட வேண்டும்!

1958: தேவிகுளம்

1957ல் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் கேரளத்தின் முதல் மந்திரிசபை அமைந்தது. அந்தத் தேர்தலில் தேவிகுளத்தில் கம்யூனிஸ்ட் கட்சியின் சார்பில் ஜெயித்தவர் ரோசம்மா புன்னூஸ். கேரளச் சட்டசபையில் முதலில் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டவரும் அவரே. அவர் ஜெயித்தது செல்லாது என்று தீர்ப்பாகி, 1958ல் இடைத்தேர்தல் வந்தது. புது மந்திரிசபைக்கு அது மானப்பிரச்சினை.

அந்தத் தேர்தலுக்குப் பாட வந்தவர்தான் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன். போடியிலிருந்து தேவாரம் வழியாகப் போனால் கோம்பைக்கு முன்னால் வருகிற ஊர் பண்ணைப்புரம். நம்மில் எத்தனையோ பேர் அந்த வழியாகப் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போயிருப்போம்! வரதராசன் கட்சித் தொண்டர், பாட்டெழுதுகிறவர், பாடகர், எல்லாம் ஒன்றாக. அவரோடு தம்பிகள் பாஸ்கர், ராசையா, பின்னாளில் அமர் என்று ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். "பாவலர் சகோதரர்கள்" என்று பெயர் விளங்கியது. ராசையா என்றால் யார் என்று சொல்லவும் வேண்டுமா? 1943ல் பிறந்த அந்தப் பையனுக்கு அந்தத் தேர்தல் சமயத்தில் வயது பதினைந்துக்குள். இன்று உலகம் இளையராஜா என்கிறது. அமர்தான் கங்கை அமரன்.

ரோசம்மா புன்னூஸ் மறுபடியும் ஜெயித்தார். அந்த வெற்றியில் பாவலர் பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு என்று முதலமைச்சரே பாராட்டினார் என்பது இந்த மலையடிவாரம் முழுக்கச் சொல்லப்படுகிற செய்தி. எங்கள் வீட்டில் அரசியல் பேசாத பெரியப்பா கூட அதைச் சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். தோட்டத்துக் கங்காணிக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்துகொண்டே கூட்டத்துக்குப் போனதையும், "பேச்சைக் கேக்க யாருப்பா போனா? பாட்டைக் கேக்கத்தான் போனோம்" என்றும் அவர் சொல்ல நான் கேட்டிருக்கிறேன்.

அந்த மேடை எப்படி இருந்தது?

ஆர்மோனியம், தபலா, சில குரல்கள், ஒரு மைக் செட். அவ்வளவுதான் சாமான். டிக்கெட் கிடையாது. டிக்கெட் இல்லாத கச்சேரியை லேசாக நினைக்காதீர்கள். காசு கொடுத்து உட்கார்ந்தவன் பாட்டுப் பிடிக்காவிட்டாலும் காசுக்காக உட்கார்ந்திருப்பான். இனாமாக வந்தவன் பிடிக்காவிட்டால் எழுந்து பீடி பற்றவைக்கப் போய்விடுவான். பகலெல்லாம் களையெடுத்து, காய் எடுத்து, குளிரில் நடந்து வந்த ஆளை ராத்திரி தரையில் உட்கார வைப்பதென்றால் சும்மாவா?

அதற்குப் பாவலர் கண்ட வழி இரண்டு. ஒன்று, ஜனங்களுக்கு ஏற்கெனவே வாயில் இருக்கிற மெட்டை எடுத்துக்கொள்வது: சினிமா மெட்டு, தெம்மாங்கு மெட்டு, எதுவானாலும் சரி. இரண்டு, அதில் அவர்கள் வாழ்க்கையை, அன்றைக்கு நடக்கிற அரசியலை வார்த்தையாகப் போடுவது. கேட்டுப் பழகிய மெட்டில் கேட்டிராத வார்த்தை வரும்போது கூட்டத்துக்கு ஒரு கிளுகிளுப்பு. அடுத்த வரி என்ன வரப்போகிறது என்று காது நீளும். மேடையை விட்டு இறங்கும் முன்பே ஜனங்கள் பாட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மறுநாள் அது தோட்டத்தில் கேட்கும். விளம்பரச் செலவு இல்லாமல் பாட்டு பரவுகிற இந்த வித்தையை எந்த கேசட் கம்பெனியும் பிறகு கண்டுபிடிக்கவில்லை.

இது வெறும் நகல் இல்லையா என்று சில பேர் கேட்கலாம். என் அபிப்பிராயம் வேறு. மெட்டுக்குள் வார்த்தையை உட்கார வைக்கிறவனுக்கு அந்த மெட்டின் ஒவ்வொரு மூலையும் தெரிந்திருக்க வேண்டும். எங்கே மூச்சு விடுவது, எங்கே இழுப்பது, எந்த இடத்தில் சொல் குத்த வேண்டும் என்று ஒவ்வொரு ராத்திரியும் கூட்டத்தின் முகத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்ட பள்ளிக்கூடம் அது. பின்னாளில் சினிமாவில் இளையராஜா அவ்வளவு வேகமாக மெட்டுப் போட்டதற்கு தன்ராஜ் மாஸ்டரிடம் கற்ற மேற்கத்திய இசை ஒரு காரணம் என்றால், இந்த மேடைப் பழக்கம் இன்னொரு காரணம் என்றே நான் நம்புகிறேன்.

1960களின் கடைசியில் தம்பிகள் சென்னைக்குப் போனார்கள். 1973ல் பாவலர் காலமானார். "அன்னக்கிளி" வந்தது 1976ல். தம்பியின் பெயர் ஊரெல்லாம் ஒலிக்க மூன்று வருடம் இருக்கும்போது அண்ணன் போய்விட்டார். அதை நினைத்தால் மனசு கனக்கத்தான் செய்கிறது.

சிலோன் காற்றும் கேசட் கடையும்

என் போன்றோர் பிறந்து வளர்ந்தது அதற்குப் பின்னால். எங்களுக்கு மேடை என்றால் திருவிழா மேடை. பாட்டு என்றால் சிலோன் ரேடியோ. அந்த ரேடியோவில்தான் சினிமா இல்லாத இன்னொரு தமிழ்ப்பாட்டு எங்கள் காதில் விழுந்தது. நித்தி கனகரத்தினத்தின் "சின்ன மாமியே", ஏ.ஈ. மனோகரனின் "சுராங்கனி". பொப்பிசை என்பார்கள் அங்கே. கிதாரும் பைலா தாளமும் யாழ்ப்பாணத்துப் பேச்சும் கலந்து ஒரு குஷியான சரக்கு. சினிமாப் படம் ஒன்றும் இல்லாமல், பாடுகிறவன் பெயருக்காகவே ஒரு தமிழ்ப்பாட்டு ஊர் ஊராகப் போக முடியும் என்று எங்களுக்குக் காட்டியவர்கள் அவர்கள். பொப்பிசைச் சக்கரவர்த்தி என்று பெயரெடுத்த மனோகரன் 2018ல் மறைந்தார்.

அப்புறம் வந்தது கேசட். ஆகா, அது ஒரு பொற்காலம்! வீட்டில் பெரியவர்களுக்கு "ஆல்பம்" என்றால் கல்யாணப் போட்டோ ஒட்டுகிற புத்தகம். நான் "ஆல்பம் வாங்கணும், காசு குடுங்க" என்று கேட்டபோது, "உனக்கு எதுக்குடா இப்ப ஆல்பம்? பொண்ணு பாத்துட்டியா?" என்று அம்மா கேட்டது எங்கள் தெருவில் ரொம்ப நாள் ஓடிய ஜோக்.

காலி கேசட்டும் பாட்டு லிஸ்டும் கடையில் கொடுத்தால் பதிவு செய்து தருவார்கள். அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். கடைசிப் பாட்டு பாதியில் வெட்டுப்படும். இன்றைக்கும் சில பாட்டுகளை முழுசாகக் கேட்டால் எனக்கு ஏதோ தப்பாக இருக்கிற மாதிரி தோன்றும்! கைக்காசு கொஞ்சம் சேர்ந்தால் மீட்டர்கேஜ் ரயிலேறி மதுரைக்குப் போய், டவுன்ஹால் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்குவோம். அந்த மீட்டர்கேஜ் ரயில் 2010 முடிவோடு நின்று, அகலப்பாதையாக 2023ல்தான் போடிக்குத் திரும்பி வந்தது.

இத்தனை கடை ஏறி இறங்கியும், பாவலர் பெயர் போட்ட ஒரு கேசட்டை எந்தக் கடையிலும் தொங்கி நான் பார்த்ததில்லை. தம்பியின் படங்களோ கடை பூராவும்.

பெயர் வைக்க முடியாத இசை

1986ல் இளையராஜாவின் "ஹவ் டு நேம் இட்" வந்தது. நான் அப்போது பட்டப்படிப்பில் இரண்டாம் வருடம். பாட்டே இல்லாத கேசட்! தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கை என்று போட்டிருந்தது. ஹாஸ்டலில் முதல் தடவை போட்டபோது, "மாப்ள, பாட்டு எப்படா வரும்?" என்று ஒருவன் பத்து நிமிடம் காத்திருந்தான்.

அந்த ஆல்பத்தைப் பற்றி என் அபிப்பிராயத்தைப் பயப்படாமல் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் சினிமாவுக்கு வெளியே வந்த வாத்திய இசையில் அதற்கு மிஞ்சியது இன்னும் வரவில்லை. "ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்" என்ற பகுதியில் பாக் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாம் பார்ட்டீட்டாவின் முன்னுரை அப்படியே வரும். அதன் பக்கத்தில் நம்ம ஊர்க் குரலாக இன்னொரு இசை வந்து உட்கார்ந்து பேச ஆரம்பிக்கும். தெரிந்த மெட்டுக்குள் புது வார்த்தை! யோசித்துப் பாருங்கள், அண்ணன் தேவிகுளத்தில் செய்ததைத்தானே தம்பி ஜெர்மனிக்காரர் மெட்டில் செய்திருக்கிறார்? அவர் அப்படி நினைத்துச் செய்தாரோ இல்லையோ, மலையடிவாரத்துக் காதுக்கு அப்படித்தான் கேட்கிறது. வி.எஸ். நரசிம்மனின் வயலின் அந்த ஆல்பத்தின் உயிர்நாடி.

1988ல் "நத்திங் பட் விண்ட்" வந்தது. புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராசியா. கேட்க இனிமையோ இனிமை. ஆனால் எனக்கு அது இரண்டாம் இடம்தான். முதல் ஆல்பத்தில் ஒரு துணிச்சல் உண்டு, விழுந்துவிடுவோமோ என்ற இடத்தில் கால் வைக்கிற துணிச்சல். இரண்டாவதில் எல்லாம் வழவழப்பு. என் ரூம்மேட் இன்றுவரை இதை ஒத்துக்கொள்ள மாட்டான். இந்தச் சங்கமத்துக்கு வந்தால் மறுபடி சண்டை போடலாம் என்று இருக்கிறேன்.

அதே காலத்தில் இன்னொரு வரிசைக் கேசட்டுகளும் வந்தன. அவற்றைச் சொல்லாவிட்டால் பாவம். மதுரைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் தம்பதியர் கிராமம் கிராமமாகத் தேடிப் பாட்டுச் சேர்த்துப் பாடினார்கள். கே.ஏ. குணசேகரன் இன்குலாபின் "மனுசங்கடா"வைப் பாடியபோது, கேசட்டில் கேட்டாலே கூட்டத்தின் நடுவில் நிற்பது போலிருக்கும். பாவலர் பாடிய மாதிரி மேடையும் இயக்கமும் பெற்றெடுத்த பாட்டு அது. பாவலருக்குக் கிடைக்காத பதிவு இவருக்குக் கிடைத்ததால், 2016ல் அவர் மறைந்த பிறகும் அந்தக் குரல் நம்மிடம் இருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்: ஒரு நாடா ஓடியதா இல்லையா என்பது.

கச்சேரி என்றால் எது?

நம் பக்கத்தில் கச்சேரி பார்க்க வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவைவிட வேறென்ன வேண்டும்! சித்திரை மாதம், முல்லையாற்றங்கரை, ராட்டினம், தீச்சட்டி, ஒரு பக்கம் நையாண்டி மேளம், இன்னொரு பக்கம் மெல்லிசைக் கச்சேரி. மெல்லிசைக் குழுவிடம் ஜனங்கள் கேட்டது ஒன்றே ஒன்று: "அச்சு அசலா ரெக்கார்டு மாதிரி இருக்கணும்." இடையிசையில் ஒரு புல்லாங்குழல் விட்டுப்போனால் கூட்டத்திலிருந்து குரல் வரும். அதுவும் ஒரு திறமைதான், மறுக்கவில்லை. இருந்தாலும் பாவலர் மேடைக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அங்கே பாட்டு ஊருக்கு ஊர் மாறியது. இங்கே எந்த ஊரிலும் மாறாமல் இருப்பதே பெருமை.

2005 அக்டோபரில் இளையராஜா சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் கச்சேரி நடத்தினார். அவர் கச்சேரிகளில் ஒரு பழக்கத்தை எல்லோரும் பார்த்திருக்கலாம். யாராவது ஓர் இடத்தில் பிசகிவிட்டால் பாதியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார். "காசு கொடுத்து வந்தவங்க முன்னாடி இப்படியா?" என்று பலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும். நம் கண் முன்னால் ஒன்று உண்டாகிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதைவிட அத்தாட்சி ஏது? பிசகே நடக்காத கச்சேரிக்கு வீட்டில் உட்கார்ந்து கேசட் போட்டுக்கொள்ளலாமே!

அதே 2005ல் தமிழ் மையத்தின் முயற்சியில் "திருவாசகம்" வந்தது. புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசிக்க, மாணிக்கவாசகரின் தமிழோடு ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் எழுதிய ஆங்கில வரிகளும் சேர்ந்தன. இசைக்குழு பெரிதாக எழும்பும் இடங்களைவிட, அவர் தனிக்குரலில் சன்னமாகப் பாடும் இடங்களே என்னை உருக்கின. 2025 மார்ச் 8ந் தேதி லண்டன் ஈவென்டிம் அப்போலோ அரங்கில் ராயல் பில்ஹார்மோனிக் கான்சர்ட் ஆர்கெஸ்ட்ரா அவருடைய "வேலியன்ட்" சிம்பொனியை வாசித்தது. அப்போது அவருக்கு வயது 81. போடி டீக்கடைகளில் அன்று பேச்சே அதுதான். "நம்ம பண்ணைப்புரத்து ஆளுப்பா" என்று சொல்லாத வாய் இல்லை. அந்த லண்டன் ராத்திரி ஒவ்வொரு நிமிடமும் எழுதப்பட்டுவிட்டது, படமாகிவிட்டது. தேவிகுளத்து ராத்திரி?

புதியவர்கள்

இளையவர்கள் பாட்டை எனக்குப் பிடிக்காது என்று நினைக்க வேண்டாம். 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி நடத்திய "தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்" குழுவை என் மகள்தான் எனக்குப் போட்டுக் காட்டினாள். டென்மாவும் இயக்குநர் பா. ரஞ்சித்தும் சேர்ந்து உருவாக்கியது. கானா, பறை, ராப், ராக் எல்லாம் ஒரே மேடையில். பறையடிக்கிற கையைச் சாவு வீட்டு வாசலோடு நிறுத்தி வைத்த ஊர்கள் நம் பக்கத்திலும் உண்டு என்பதை மறந்துவிடாமல் கேட்டால், அந்த மேடை எவ்வளவு பெரியது என்று புரியும்.

2021ல் தீயும் அறிவும் பாடிய "எஞ்சாய் எஞ்சாமி" உலகம் சுற்றியது. சந்தோஷ் நாராயணன் இசை. அறிவின் பாட்டி வள்ளியம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பி வந்தவர். அவர் கதைதான் அந்தப் பாட்டுக்கு வேர். தோட்டத்தில் பாடுபட்டவரின் பேரன் பாடுகிறான், பாட்டியின் ஒப்பாரி அதில் கலக்கிறது. இதை நான் தோட்டத்துக்காரர்கள் ஊரில் உட்கார்ந்து கேட்கிறேன். அந்தப் பாட்டு யாருக்குச் சொந்தம், யார் எழுதியது, யார் மெட்டு என்று பிறகு ஒரு பெரிய வாக்குவாதம் நடந்தது. அதில் தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் ஒன்று தோன்றியது. பதிவான பாட்டுக்கே "யார் செய்தது" என்ற கேள்வி வருகிறது என்றால், பதிவாகாத பாட்டுக்காரன் கதி என்ன?

என்ன செய்யலாம்?

இங்கேதான் முன்னாள் மாணவர் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். தேவிகுளத்தில் பாவலர் பாடியபோது பதினைந்து வயதாக இருந்தவர்கள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். அவர்கள் நம் வீடுகளில்தான் இருக்கிறார்கள். திண்ணையில், கட்டிலில், பேரன் வீட்டு மாடியில். "தாத்தா பழைய கதை ஆரம்பிச்சுட்டாரு" என்று நாம் எழுந்துபோகிற அந்தப் பழைய கதைதான் நம்மிடம் மிச்சமிருக்கிற ஒரே ஒலிநாடா. என் பெரியப்பா போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அவர் வாயில் நாலைந்து பாவலர் பாட்டு முழுசாக இருந்தது. இப்போது எங்கள் குடும்பத்தில் யாருக்கும் ஒரு பல்லவி கூட வராது.

படிக்கிற பிள்ளைகளே, உங்கள் கையிலிருக்கிற செல்போனே போதும். விடுமுறைக்குப் போகும்போது உட்கார்ந்து கேளுங்கள். எந்த ஊர் மேடை, எந்த வருடம், மைக் செட் இருந்ததா, பெண்கள் வந்தார்களா, எங்கே உட்கார வைத்தார்கள், என்ன மெட்டு, யார் யார் பாடினார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பாடச் சொல்லுங்கள். சுதி சேராவிட்டாலும் பரவாயில்லை, பின்னணி இசை சேர்த்து அழகுபடுத்த வேண்டாம். தொடக்கத்தில் அவர் பெயரையும் வயதையும் ஊரையும் தேதியையும் அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். அவர் சம்மதத்தையும் அதிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். பாவலர் மட்டும் இல்லை. நாடு நடும்போது பாடிய அம்மா, காய் எடுக்கும்போது பாடிய அத்தை, கும்மி கொட்டிய ஆச்சி, நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசித்த தாத்தா, எல்லோரும் நம் தனி இசைக் கலைஞர்கள்தான். ஆல்பம் போடாதவர்கள், அவ்வளவே.

முன்னாள் மாணவர்களே, உங்கள் வீட்டுப் பரணில் பழைய பாட்டு நோட்டோ, கூட்டத்து நோட்டீசோ, திருவிழா அழைப்பிதழோ, வீட்டில் பதிவு செய்த கேசட்டோ இருந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். பூஞ்சை பிடித்த கேசட்டைக் கூடப் பக்குவமாகத் துடைத்துப் பதிவை எடுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி நம் கல்லூரி நூலகத்தில் இருக்கட்டும். ஒரு பீரோ போதும் ஆரம்பிக்க. அதற்கான செலவில் என் பங்கை இந்தச் சங்கமத்திலேயே பொருளாளரிடம் கொடுத்துவிடுவேன்; ரசீது கேட்பேன், வணிகவியல்காரன் அல்லவா!

ஏலக்காயை நாம் நிறம் பார்த்து, பருமன் பார்த்து, சலித்து, ஈரம் படாமல் மூட்டை கட்டி வைக்கிறோம். அதே மலையில் விளைந்த பாட்டுக்கு ஒரு சாக்குப்பை கூட நாம் இன்னும் கொடுக்கவில்லை. அடுத்த சங்கமத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு பதிவு கொண்டு வருவோம். எண்பதைத் தாண்டியவர்களிடம் முதலில் போங்கள்.